டைகரைப் பற்றி உன்னிடம் சொல்லாதது

அல்சூர், பெங்களூரு

அன்பு மகள் நித்யாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம்.

மடிக்கேரியிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் தட்டிலிருந்த பன்றிக்கறியை உன் நாய் கறுப்பன் நக்கிக்கொண்டிருக்கிறான். அம்மா பார்த்துச் சிரித்தாள். எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. போனில் சொல்ல நா எழாது என்பதால் எழுதுகிறேன்.

நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய சமயம் நம் நாய் டைகர் செத்துப்போனான். வயதாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அவனுக்கு ஏழு வயதுதான். ஈஸ்டருக்கு மாடி வீட்டார் கொடுத்த பன்றிக்கறியில் நாம் ஒதுக்கிவைத்த கொழுப்பையெல்லாம் வழித்து அவன் கிண்ணத்தில் போட்டவன் நான். விடியற்காலையில் வாந்தி. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மார்பைத் தரையில் ஊன்றி, பின்பக்கத்தை உயர்த்தியபடியே நின்றான். சோம்பல் முறிக்கிறான் என்று நினைத்து மாலை வரை விட்டுவிட்டேன். வயிற்றுவலி தாங்காத நாய் அப்படி நிற்கும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். கணைய அழற்சி. கொழுப்பு மிகுந்த உணவு அதைக் கிளப்பிவிடுமாம். குடலுக்குப் போய்ச் சேரவேண்டிய செரிமான நீர் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி அதையே அரித்துவிடுகிறது. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான்காம் நாள் போய்விட்டான்.

பன்றிக்கறியே நஞ்சு என்று நான் சொல்லவில்லை. ஆசையாக இருந்தால் கொழுப்பில்லாத சதையை உப்பும் மசாலாவும் சேர்க்காமல் தனியாக வேகவைத்து இரண்டு சிறு துண்டு கொடு. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவது கூடாது. அதில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சோர்வு சில நாள் கழித்தே வெளியே தெரியும். வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

பச்சைக்கறியை நினைத்தால் இன்னும் பயம். எஸ்டேட்டில் பன்றி அறுக்கும் நாளில் அவனைக் கட்டிப்போடு. சதைக்குள் டிரிக்கினெல்லா என்ற புழு சுருண்டிருக்கலாம். உப்புக்கும் புகைக்கும் அது சாகும் என்று நம்ப முடியாது. கொத்துக்கறி என்றால் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். பன்றிகளிடமிருந்து வரும் ஆஜெஸ்கி நோய் அதைவிடக் கொடியது. வளர்ந்த பன்றி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நாய்க்குத் தொற்றினால் அரிப்புத் தாளாமல் முகத்தைப் பிறாண்டிக்கொண்டே இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். குணப்படுத்த மருந்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் என்றாய். கறுப்பன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? கடிதம் கிடைத்ததும் போன் செய். அவன் மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, டைகர் நின்றதுபோல் நின்றாலோ, பார்க்கலாம் என்று இருந்துவிடாதே அம்மா. நான் ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா