ஹால்ஃபோர்ட் ஹியூவிட்: டீல் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹால்ஃபோர்ட் ஹியூவிட் என்பது இங்கிலாந்தில் பள்ளி முன்னாள் மாணவர் அணிகள் மோதும் கோல்ஃப் போட்டி. ஏப்ரலில் நடக்கும் அதற்கான அணித் தேர்வுப் பயிற்சி மார்ச் 14, சனிக்கிழமை, டீல் ஊரின் ராயல் சிங்க் போர்ட்ஸ் கோல்ஃப் மைதானத்தில். முதல் ஜோடி 9.30க்கு டீயில் (குழியின் முதல் அடி அடிக்கும் இடத்தில்) இருக்க வேண்டும், எல்லோரும் 8.45க்குள் வந்துவிடுங்கள்.

1. 10 பேர், 5 ஜோடி. ஹேண்டிகேப் (திறமை குறைந்தவருக்குத் தரும் அடிச்) சலுகை கிடையாது. மூன்று ஜோடி வென்றால் சுற்று நமது.

2. ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடி. ஒற்றைப்படைக் குழிகளில் ஒருவர் டீ அடித்தால் இரட்டைப்படையில் மற்றவர். டீலில் பார்-3 குழிகள் (டீயிலிருந்து ஒரே அடியில் குழியருகே சேர்க்க வேண்டிய குறுங்குழிகள்) 4, 8, 14, மூன்றும் இரட்டைப்படை. அதனால் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) துல்லியமாக அடிப்பவர் இரட்டைப்படையை எடுக்கட்டும்.

3. முறை மாறி அடித்தால் குழி போச்சு. அபராத அடி முறையை மாற்றாது. டீயில் அடித்த பந்து தொலைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், மாற்றுப் பந்தை அடிக்க வேண்டியவர் கூட்டாளி. பதற்றத்தில் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

4. கடைசி ஏழு குழிகள் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுக்கு எதிரே. வழக்கத்தைவிடத் தூரம் அடிக்கும் கிளப் (மட்டை) எடுத்து, மெதுவாக, தாழ அடித்துப் பழகுங்கள்.

5. சமநிலையானால் மீண்டும் முதல் குழி. அதன் கிரீனுக்கு (குழியைச் சுற்றிய மழித்த புல்தரைக்கு) முன்னால் ஓடை. அடி குறைந்தால் பந்து தண்ணீரில்.

வருவோர் பெயர், விரும்பும் கூட்டாளி, டீ அடிக்க விரும்புவது ஒற்றைப்படைக் குழியா இரட்டைப்படைக் குழியா: புதன் இரவு 8க்குள் இங்கேயே பதிலிடுங்கள். ரயிலில் வருவோர் நேரத்தையும் சொன்னால் டீல் நிலையத்துக்கு கார் அனுப்புகிறோம்.