பார்ஸ்டோ தாண்டி ஒரு டைனர்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் நமஸ்காரத்தைச் சொல்லு.

ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் போகும்போது பிள்ளைகளுக்கு 1950-கள் பாணி டைனர் (பர்கர், மில்க்ஷேக் விற்கும் சாலையோர உணவகம்) ஒன்றைக் காட்ட வேண்டும், மாமனார் மாமியார் சுத்த சைவமாயிற்றே என்று கேட்டிருந்தாய். மொத்தத் தூரம் சுமார் 430 கிலோமீட்டர். பாதிக்குச் சற்று முன்னால், பார்ஸ்டோ தாண்டியதும் யெர்மோ என்ற சின்ன ஊர். அங்கே நெடுஞ்சாலையை ஒட்டியே 'பெக்கி சூஸ்' டைனர் இருக்கிறது. பின்பக்கம் இரும்பு டைனோசர்கள் நிற்கின்றன, பிள்ளைகள் ஓடியாடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கிளம்பாதே, பாதி லாஸ் ஏஞ்சலிஸ் அந்தச் சாலையில்தான் நிற்கும். வார நாளில் பதினொன்றரைக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், காரில் தண்ணீர் நிறைய இருக்கட்டும்.

அந்தப் பக்கமே பர்கருக்குப் பேர்போன மண். பழைய 66-ஆம் நெடுஞ்சாலை பார்ஸ்டோ, சான் பெர்னார்டினோ வழியாகத்தான் போனது. சான் பெர்னார்டினோவில்தான் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1940-ல் கடை வைத்தார்கள். 1948-ல் பட்டியலைச் சுருக்கி, பர்கரை 15 சென்ட்டுக்கு விற்று, தட்டு கழுவும் வேலையையே ஒழித்தார்கள். உட்கார்ந்து சாப்பிடும் டைனருக்கு நேர் எதிரான வழி அது.

சிவப்பு ரெக்சின் இருக்கை, சதுரங்கக் கட்டத் தரை, காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் எல்லாவற்றையும் எந்தக் கடையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். நீ பார்க்க வேண்டியது பர்கர் வேகும் கல்லை. நம் பரோட்டாக் கடைக் கல் மாதிரிதான் அதுவும், சூடு சரியாக இருந்தால்தான் பதம். கல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கவுன்டர் இருந்தால் அங்கேயே உட்கார். நல்ல கைக்காரர் கொத்துக்கறியை முன்கூட்டித் தட்டி வைக்க மாட்டார். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள கறியை 55, 60 கிராம் உருண்டையாகப் போட்டு, முதல் அரை நிமிடத்துக்குள் கரண்டியால் ஒரே அழுத்தாக அழுத்துவார். அப்போது கொழுப்பு இன்னும் உருகியிருக்காது, அதனால் சாறு வெளியே வராது. கறி முழுக்கக் கல்லோடு ஒட்டி, ஓரம் வலைபோல முறுகும். பாதி வெந்த பிறகு அழுத்தினால் சாறெல்லாம் கல்லுக்குப் போய்விடும், தட்டுக்கு வருவது சக்கை. உப்பையும் மேலே மட்டும்தான் தூவ வேண்டும். பிசையும்போதே சேர்த்தால் கறி இறுகி ரப்பராகிவிடும். பன்னை வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டவில்லையென்றால் இரண்டாவது கடியிலேயே ஊறிப் பிய்ந்துவிடும்.

பெரியவர்களுக்கு வெஜி பர்கர் கிடைக்கும், ஆனால் அதே கல்லில் மாட்டுக்கறிக்குப் பக்கத்திலேயே வேகும். "தனி பேனில் போடுவீர்களா?" என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேள். முடியாது என்றால் ரொட்டியைத் தனி பேனில் வாட்டச் சொல்லி கிரில்டு சீஸ் (சீஸ் வைத்து வாட்டிய சாண்ட்விச்) வாங்கிக் கொடு. அதுவும் ஆகாவிட்டால் கறி சேராத சாலட். பொரிக்கும் எண்ணெயையும் விசாரி: சிக்கனும் உருளைக்கிழங்கும் ஒரே எண்ணெயில் பொரிப்பது சாதாரணம், சில கடைகளில் மாட்டுக் கொழுப்பிலேயே பொரிப்பார்கள். ஆனியன் ரிங் மாவில் முட்டை இருக்கலாம். பீன்ஸில் பன்றிக்கறித் துண்டு கிடக்கலாம். ஆப்பிள் பை சைவம் என்று நினைப்பாய், அதன் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. ஜெல்லோ என்ற ஜெல்லி வேண்டவே வேண்டாம், அது மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் செய்வது.

மில்க்ஷேக் மட்டும் ஆளுக்கொன்று சொல்லிவிடாதே. கண்ணாடித் தம்ளரை நிரப்பிவிட்டு, மீதியை அடித்த எவர்சில்வர் குவளையோடு மேசையில் வைப்பார்கள், ஒன்று இரண்டு பேருக்குத் தாராளம். ஸ்ட்ரா கொஞ்சம் திணற வேண்டும். சர்ரென்று ஏறினால் பால் அதிகம், ஐஸ்கிரீம் குறைவு. மாமியாருக்கு 'மால்ட்' வாங்கிக் கொடு. அதில் சேர்ப்பது மால்ட் பால் பொடி, வாசனை அச்சு அசல் ஹார்லிக்ஸ். ஹார்லிக்ஸே அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து ரேசினில் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்ததுதான்.

பட்டியலில் போட்டிருக்கும் விலையில் வரி சேராது. கலிஃபோர்னியாவில் குறைந்தது 7.25 சதவீதம், அதற்கு மேல் பரிமாறுகிறவருக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ். சாப்பாடு 80 டாலர் என்றால் கையில் 100-க்கு மேல் இருக்கட்டும். ஆறு பேர், அதற்கு மேல் என்றால் டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடும் கடைகள் உண்டு, பார்த்துவிட்டுக் கொடு. ஜூக்பாக்ஸுக்கு 25 சென்ட் நாணயங்கள் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்.

எந்தத் தேதி என்று முடிவானதும் எழுது. அங்கிருந்து பத்து நிமிடத்தில் கலிக்கோ என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊர் இருக்கிறது, நேரமிருந்தால் அதையும் சேர்த்துத் திட்டம் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ரவி