அப்பாவின் ரத்தம் கீழ்த்தளத்தில், மரணம் மூன்றாம் தளத்தில்

உயிரி வங்கி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

ஆராய்ச்சிக்காக ரத்த மாதிரிகளைச் சேமித்து வைக்கும் உங்கள் வங்கிக்கு அப்பா ரத்தம் கொடுத்திருந்தார். போன வாரம் அவர் பெயருக்கு உங்கள் படிவம் வந்தது. 'கடந்த ஓராண்டில் நெஞ்சுவலி வந்ததா?' என்பது முதல் கேள்வி. அப்பா மாரடைப்பில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிக் கேள்வி வரை படித்தார். பேனா கேட்டார். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதை அப்படியே அனுப்பியிருந்தால், அப்பா நலமாக இருக்கிறார் என்றுதான் உங்கள் கணினியில் ஏறியிருக்கும்.

அவர் இறந்தது உங்கள் மருத்துவமனையில்தான். எந்த நேரத்தில் வந்தார், ஈசிஜி என்ன சொன்னது, எப்போது உயிர் போனது, எல்லாம் மூன்றாம் தளத்தில் இருக்கும் மாரடைப்புப் பதிவேட்டில் இருக்கிறது. அவர் கொடுத்த ரத்தம் கீழ்த்தளத்தில் மைனஸ் 80 டிகிரியில் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு படிக்கட்டு. தயவுசெய்து இரண்டையும் இணையுங்கள்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வில் சேர்த்தவர்களைச் சாகும்வரை விடாமல் தொடர்ந்ததால்தான் ரத்த அழுத்தமும் கொழுப்பும் இதயத்தை என்ன செய்கின்றன என்று தெரிந்தது. பிரிட்டனின் உயிரி வங்கி 5 லட்சம் பேரின் மாதிரிகளோடு அவர்களுடைய மருத்துவமனைப் பதிவையும் இறப்புப் பதிவையும் சேர்த்து வைத்திருக்கிறது. அடைத்த ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுத்தால் மாரடைப்பு நோயாளிகள் பிழைப்பார்களா என்று ஸ்வீடனில் 7,000-க்கும் அதிகமானோரிடம் சோதித்தார்கள். 30 நாளில் யார் உயிரோடு இருக்கிறார் என்பதைப் பதிவேடுகளே சொல்லிவிட்டன. உறிஞ்சியதால் இறப்பு குறையவில்லை என்று 2013-இல் தெரிந்தது. யாருடைய வீட்டுக்கும் படிவம் அனுப்பி 'இறந்துவிட்டீர்களா?' என்று கேட்கவில்லை.

தனியுரிமை என்பீர்கள். சரி. மருத்துவப் பதிவுகளைப் பார்க்கலாம் என்று ஒப்புதல் படிவத்தில் அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார், நகல் என்னிடம் உண்டு. புது உறைபெட்டிக்கு ரிப்பன் வெட்டிய படம் மட்டும் உங்கள் ஆண்டு மலரில் இரண்டு பக்கம். உறைபெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் யார் உயிரோடு இருக்கிறார் என்று தெரியாவிட்டால் அது வெறும் குளிர்பெட்டி.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். பதிவேட்டையும் வங்கியையும் இணையுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அம்மா குறித்த படிவத்தின் பின்பக்கத்தில் அப்பா இறந்த தேதியையும் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம்.