வாள்வெட்டுக்கு இராணுவம் மருந்தல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாள்வெட்டுக் கும்பல்கள் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பொலிஸாரால் முடியவில்லை என்றால் இராணுவத்தை வீதியில் இறக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் இருந்து யாராவது கேட்டிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். யாழ்ப்பாணத்தில் அச்சாகிற பத்திரிகை கேட்டதுதான் மனதைச் சுட்டது.

நான் வெளியே நின்று எழுதவில்லை. வலிகாமத்தில் சிறிய கடை வைத்திருக்கிறேன். போன வருடம் முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் என் கடையின் கண்ணாடி அலுமாரிகளை வாளால் அடித்து நொறுக்கினார்கள். வேலைக்கு நின்ற பெடியனுக்குக் கையில் வெட்டு. அந்த இரவு பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இல்லை. சிங்களத்தில் எழுதி நீட்டினார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். இன்றுவரை ஒருவரும் பிடிபடவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் சேர்த்தது 1987இல்.

அன்றைக்குக்கூட ஆமி வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆமியின் காவல் சென்றியைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போன காலம் உங்களுக்கும் தெரியும். 1996இல் இந்தக் குடாநாட்டில் காணாமல் போனவர்களின் தாய்மார் ஆமி முகாம் முகாமாக அலைந்ததும் தெரியும். பொலிஸ் ஒருவரைப் பிடித்தால் சாதாரண சட்டப்படி புத்தகத்தில் பதிய வேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், சட்டத்தரணி போய்ப் பார்க்கலாம். முகாம் வாசலில் அந்தத் தாய்மாருக்கு எந்தப் புத்தகத்தைக் காட்டினார்கள்?

இது தமிழருக்கு மட்டும் உள்ள பயம் என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வெலிவேரியவில் சுத்தமான குடிதண்ணீர் கேட்டு வீதிக்கு வந்த சிங்கள மக்கள் மீது இராணுவம் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள், அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். எதிரியோடு சண்டை பிடிக்கப் பழக்கிய ஆளைக் கூட்டத்தைக் கலைக்க அனுப்பினால் வேறென்ன நடக்கும்?

பொலிஸைப் பாதுகாப்பு அமைச்சில் இருந்து பிரிக்க வேண்டும் என்று அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே சொல்லியிருந்தது. வெலிவேரியவில் இரத்தம் சிந்திய பிறகுதான் சட்டம் ஒழுங்குக்கு ஒரு தனி அமைச்சு வந்தது. அதற்கும் செயலாளர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். 2020இல் வந்த பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சுக்கு அமைச்சர் ஓய்வுபெற்ற ரியர் அட்மிரல். பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் அது பிரித்ததாகுமா?

பொலிஸ் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் குளப்பிட்டிச் சந்தியடியில் பல்கலைக்கழக மாணவர் இருவரின் உயிர் போனது பொலிஸார் சுட்டதால்தான். முதலில் விபத்து என்றார்கள். ஆனால் ஐந்து பொலிஸார் கைதாகி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1996இன் தாய்மாருக்கு அந்த அளவு கணக்காவது கிடைத்ததா? இத்தனை காலம் இராணுவத்தோடு ஒரே அமைச்சில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம் பொலிஸிடம் நிறைய இருக்கிறது. அதைக் கழுவ வேண்டிய நேரத்தில் நீங்கள் திரும்பவும் இருவரையும் ஒரே வேலைக்கு அனுப்பச் சொல்கிறீர்கள்.

இராணுவம் ஒருமுறை உள்ளே வந்தால் லேசில் திரும்பிப் போகாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த அவசரகாலச் சட்டம் ஓகஸ்டில் முடிந்தது. சரி, முடிந்தது என்று பார்த்தால், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டி மாதாமாதம் வர்த்தமானி போட்டு, படைகளை எல்லா மாவட்டங்களுக்கும் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு ஏ9 வீதியோரம் தேத்தண்ணிக் கடை நடத்தியதும் அவர்கள்தான். சம்பளமும் சாமானும் அரசாங்கத்தில் இருந்து வருகிறவரோடு என்னைப் போன்றவன் எப்படிப் போட்டி போடுவது? காங்கேசன்துறையில் விடுதி நடத்தியதும் அவர்கள்தான். பள்ளிக்கூடம், வயல், கடை என்று எல்லாவற்றிலும் கால் வைத்தார்கள், இப்போது நடுச்சாமத்தில் கள்ளனைப் பிடிப்பதும் அவர்களா?

உங்கள் பத்திரிகையைப் பல வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். வடக்கில் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரவுக் கடமைக்குத் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய ஒருவராவது இருக்கிறாரா என்று உங்கள் செய்தியாளர்களை அனுப்பி விசாரியுங்கள். இல்லாத நிலையங்களின் பெயரை முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர் ஒருவர்,
வலிகாமம்.