97 டிகிரி காட்டுதுன்னு புது கூலர் வாங்கிடாத கண்ணு

கண்ணு, உன் கம்ப்யூட்டர் சிப் (ப்ராசஸர்) எவ்வளவு சூடாகுதுன்னு நீ அனுப்புன ஸ்கிரீன்ஷாட்டைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நாலு கோர் 97, 98ல நிக்குது, ரெண்டு கோர் 100ஐத் தொட்டு தெர்மல் த்ராட்லிங்ல, அதாவது சூட்டால வேகம் குறையுதாங்கிற இடத்துல, "யெஸ்"னு சிவப்பா வந்திருக்கு. பயந்துக்காத. உன் ஐ7-8700கே சிப் 100 வந்ததும் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், உடனே எரிஞ்சு போயிடாது. ஆனா நீ ராத்திரி பூரா ப்ளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் (படத்தை உருவாக்குற வேலை) போட்டுட்டு தூங்கப் போறவ, அதனால இப்படியே விடவும் முடியாது சாமி.

சிப்பைத் தண்ணியால குளிர வைக்கிற வாட்டர் கூலர் ஆர்டர் போடுறேன்னு எழுதியிருந்தியே, அதைக் கொஞ்சம் நிறுத்து. நம்ம கம்ப்யூட்டர் கடைக்கு இதே கம்ப்ளைன்ட்டோட வர்ற முக்கால்வாசி மெஷினுக்கு புது கூலர் தேவையே படாது.

கேபினட்டோட சைடு பேனலை மூடியே வெச்சு ரெண்டர் ஆரம்பி, நம்பர் எப்படி ஏறுதுன்னு மட்டும் கவனி. லோடு விழுந்ததும் சட்டுனு கொஞ்சம் தாவுறது சகஜம்தான். ஆனா ரெண்டு மூணு செகண்ட்லயே 95க்குப் போச்சுன்னா சிப்போட சூடு அது மேல இருக்குற உலோக ஹீட்சிங்குக்கே போய்ச் சேரலைன்னு அர்த்தம், இல்லன்னா வோல்டேஜ் தாறுமாறா இருக்கு. பத்து பதினஞ்சு நிமிஷம் எடுத்து மெல்ல ஏறுச்சுன்னா கேபினட்டுக்குள்ள காத்து ஓட்டம் சரியில்ல. அப்புறம் பேனலைக் கழட்டிட்டு, ஃபேன் றெக்கை படாம ஓரமா ஹீட்சிங்கைத் தொட்டுப் பாரு. சிப் 97 காட்டும்போது ஹீட்சிங்க் வெதுவெதுன்னு மட்டும் இருந்தா ரெண்டுக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பேஸ்ட் காஞ்சிருக்கும், இல்ல ஸ்க்ரூ ஒரு பக்கம் லூசா இருக்கும். தொடவே முடியாத அளவுக்கு கொதிச்சா அது தன் வேலையைச் செய்யுது, காத்துதான் பத்தல.

ஆனா எனக்கு உறுத்துனது டெம்பரேச்சர் இல்ல, அதுக்கு மேல இருக்குற லைன். விகோர் 1.40, அதாவது சிப்புக்குப் போற வோல்டேஜ். உனக்கு இதை வித்தவர் வேகத்தை முடிவு பண்ற மல்டிப்ளையரை 50னு வெச்சு 5 ஜிகாஹெர்ட்ஸ் ஆக்கிட்டு வோல்டேஜை ஆட்டோலயே விட்டிருக்கார் போல. ஆட்டோல விட்டா மதர்போர்டு ஹேங் ஆகக் கூடாதுன்னு தேவைக்கு மேலயே அள்ளிக் குடுக்கும். சூடு வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும், இதை மட்டும் மனசுல வெச்சுக்கோ. இந்த சிப் ஆறு கோரும் ஓடும்போது கம்பெனி வெச்ச வேகம் 4.3 ஜிகாஹெர்ட்ஸ். சாதாரணமா 1.20 வோல்ட்ல ஓடுறதை 1.40ல 5.0க்குத் தள்ளுனா சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல. எந்த கூலர்தான் தாங்கும் சொல்லு. இதையே 4.7, 1.25 வோல்ட்னு இறக்கிப் பாரு, இப்ப வர்ற சூட்டுல கால்வாசி குறைஞ்சிடும், ஆனா வேகம் 6 சதவீதம்தான் போகும். ஒரு மணி நேர ரெண்டர் 64 நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். ஹேங் ஆனா, ப்ளூ ஸ்கிரீன் வந்தா 0.01 0.01ஆ ஏத்து. டெஸ்ட்டுக்கு சினிபெஞ்ச்ங்கிற சாஃப்ட்வேர் போதும், பிரைம்95ங்கிற இன்னொரு டெஸ்ட்ல ஸ்மால் எஃப்எஃப்டி போட்டுட்டு ஐயோன்னு பதறாத, அது சிப்பைக் கசக்கிப் பிழியுற ஏவிஎக்ஸ் கணக்குல ஓடி எந்த ரெண்டரையும் விட அதிகமா சூடேத்தும்.

பேஸ்ட் மாத்தணும்னா கழட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஓட விடு, பேஸ்ட் இளகும், அப்புறம் ஆஃப் பண்ணி ஒயரைப் பிடுங்கிட்டு கூலரை லேசா இடம் வலமா திருப்பி எடு, வெடுக்குனு இழுக்காத. சாக்கெட்ல இருந்து சிப்பை மட்டும் எடுக்கவே எடுக்காத, கீழ இருக்குற பின்னு ஒண்ணு வளைஞ்சாலும் போர்டு போச்சு. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு கண்ணாடி துடைக்கிற துணியால துடை, நடுவுல பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி டைட் பண்ணு.

சிப்போட உலோக மூடியைப் பேத்து, பேஸ்ட்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போடலாமான்னு உன் ஃப்ரெண்டு சொன்னானாமே, வேண்டாம்டா. 2017ல வந்த இந்த சிப்ல மூடிக்குக் கீழ சால்டருக்குப் பதிலா பேஸ்ட்தான், அதனால சூடு கொஞ்சம் தேங்கும், அவன் சொல்றது நிஜம்தான். ஆனா லிக்விட் மெட்டல்ல கரண்ட் பாயும், ஒரு சொட்டு வெளிய ஓடுனா ஷார்ட், அலுமினியத்துல பட்டா அரிச்சிடும். உன் பொழப்பே அந்த மெஷின்லதான் ஓடுது, அதுல போய் பரிசோதனை பண்ணணுமா?

அப்புறம் நாக்பூர் வெயிலையும் கணக்குல சேர்த்துக்கோ. ரூம் 26ல இருந்து 38க்கு ஏறுனா சிப்பும் கிட்டத்தட்ட அதே 12 டிகிரி ஏறித்தான் காட்டும், டிசம்பர்ல பார்த்த நம்பரை மே மாசத்துல எதிர்பார்க்காத. அதுக்காக டெசர்ட் கூலர் காத்து நேரா கேபினட்டுல படுற மாதிரி வைக்காத, ஈரமும் தூசியும் சேர்ந்து ஃபில்டர்ல அப்பிக்கும். ஃபில்டரை இன்னைக்கே கழட்டித் தட்டு. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கோ.

மொதல்ல வோல்டேஜைத்தான் பார்க்கணும், பேஸ்ட் எல்லாம் அப்புறம். நான் கடை சாத்திட்டு ஒன்பது மணிக்கு வீடியோ கால் வர்றேன், பயாஸை (மதர்போர்டு செட்டிங்ஸ் திரை) திறந்து வை, எதை எங்க மாத்தணும்னு சொல்றேன். அதுவரைக்கும் இந்த டெஸ்ட்டைத் தவிர வேற ரெண்டர் போடாத, சாப்பிட்டுட்டு இரு.

அம்மா