அக்காவின் புதிய கைப்பேசிக்கு

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீங்கள், அத்தான், பிள்ளைகள் அனைவரின் நலமறிய ஆவல்.

நண்பர் மூலம் கொடுத்தனுப்பிய கைப்பேசி வந்து சேர்ந்ததாக அத்தான் சொன்னார். வாட்ஸ்அப்பில் பேசுவதைத் தவிர இதனால் வேறென்ன பயன் என்று நீங்கள் கேட்டீர்களாம். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும்; பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் எழுதி அனுப்புகிறேன்.

ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் ஆப் இறக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் குரோம் என்ற இணைய உலாவி ஒன்றே போதும். அடிக்கடி பார்க்கும் இணையதளத்தைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, முகப்புத் திரையில் சேர்க்கும்படி கொடுத்துவிட்டால், அதுவும் ஓர் ஆப் போலவே திரையில் வந்து நிற்கும். கைப்பேசியில் இடத்தையும் அவ்வளவாக அடைக்காது.

இங்கே என் நாள் அப்படித்தான் தொடங்குகிறது. விடியும் முன்பே லாரியில் ஏறி உட்கார்ந்ததும் வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் மழை வரைபடத்தைத் திறப்பேன். சுமத்ராப் பக்கமிருந்து மழைக்கூட்டம் வந்தால், தீவின் மேற்கே பச்சையும் மஞ்சளும் நடுவில் சிவப்புமாக ஒரு பட்டை தெரியும்; சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது கிழக்கே நகர்ந்திருக்கும். சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு மின்னல் எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்களை மேலே ஏற்றுவதா, கீழ்வேலையை முதலில் முடிப்பதா என்று முடிவு செய்கிறேன்.

மனிதவள அமைச்சின் தளமும் எனக்குப் பெரிய துணை. சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளத்தையும், 14 நாட்களுக்குள் கூடுதல் நேரப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியை அதில்தான் படித்தேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் கூடுதல் நேரப் பணம் தள்ளிக்கொண்டே போனபோது, கணக்குப் பிரிவில் இருந்தவரிடம் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியிலேயே திறந்து காட்டினேன். அந்த வாரமே பணம் வந்தது. வீட்டுக்குப் பணம் அனுப்பும் நாளில், லிட்டில் இந்தியாவில் வரிசையில் நிற்கும்போதே எக்ஸ்இ தளத்தில் அன்றைய டாலர் மதிப்பைப் பார்த்துக்கொள்வேன். கடைக்காரர் தரும் விலை அதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் எந்தக் கடையில் அனுப்புவது என்பதும் தெரிந்துவிடும்.

உங்களுக்கு முதலில் தேவைப்படுவது தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளம்: இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா திரைக்கு வந்துவிடும். ஓடிபி கேட்டால் உங்கள் எண்ணையே கொடுங்கள். சென்ற முறை விடுப்பில் வந்தபோது நம் மேலவயல் பட்டாவைப் பார்த்தேன். பரப்பு என்ற இடத்தில் 0 - 40.50 என்றிருந்ததைக் கண்டு, நிலம் குறைந்துபோய்விட்டதோ என்று ஒரு கணம் நெஞ்சு பதறிவிட்டது. பிறகுதான் அது ஹெக்டேர், ஏர் கணக்கு என்பது புரிந்தது. நாற்பதரை ஏர் என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர், அதாவது நூறு சென்ட். அப்பா சொன்ன அளவு சரியாகவே இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள் அக்கா. கூகுளில் தேடும்போது முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம். என் அறையில் தங்கியிருக்கும் தம்பி ஒருவன், ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுப்பதாக நினைத்து, அசல் போலவே இருந்த ஒரு போலித் தளத்தில் பணம் கட்டி ஏமாந்தான். பூட்டுச் சின்னம் இருந்ததே என்று அழுதான். நாம் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அல்ல. ஆகவே நம் அரசுத் தளம் என்றால் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகே எண்களைப் போடுங்கள். ஓடிபியைப் போனில் யார் கேட்டாலும், அதிகாரி என்றே சொன்னாலும், சொல்லாதீர்கள்.

சின்னவளுக்கு ப்ளஸ் ஒன் புத்தகங்கள் பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய இலக்கியம் வேண்டுமென்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளம் இருக்கிறது. சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் உள்ளது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தரும். இரவு ஓய்வில் நானும் அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

பட்டாவில் அப்பாவின் பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க அன்று மறந்துவிட்டேன். திறந்து பார்த்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். தவறிருந்தால் அடுத்த விடுப்பில் வரும்போது தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துவிடலாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி