அம்மாவின் உயரத்துக்கு ஒரு மேடை

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் அவரும் நலம். நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலமா? அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறாள் என்று அண்ணி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இடுப்பு எலும்பு உடைந்த வயசானவர்கள் திரும்ப எழுந்து நடப்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு அண்ணி பட்ட பாடு எனக்குத் தெரியும்.

போனில் நீ சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அடுப்பங்கரையை இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போடப்போகிறோம், ஆள் வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அம்மா இனிமேல் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும் என்றாய். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. அதனால்தான் கடிதம். அளவுகளும் எழுத்தில் இருந்தால் பட்டறையில் வைத்துப் பார்க்க உனக்கு வசதி.

அட்வான்ஸ் கொடுக்காதே அண்ணா. அம்மாவை அடுப்பங்கரையை விட்டு வெளியே அனுப்பாதே. கொருக்குப்பேட்டையில் பட்டறை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கதவும் நிலையும் செய்து கொடுக்கிறாய். இதையும் நீயே செய். எப்படி என்று நான் சொல்கிறேன். நான் இங்கே என் கையால் செய்து முடித்துவிட்டேன்.

நான் சமையல் கற்றது தரையில் உட்கார்ந்து. உனக்கு நினைவிருக்கும். அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து காசிமேட்டு நெத்திலியை ஆய்வாள். நான் தவழ்ந்து போய் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். பம்ப் ஸ்டவ், அம்மி, மிளகாய்த்தூள் டப்பா எல்லாமே தரையில், கைக்கெட்டுகிற தூரத்தில். அந்த வீட்டில் போலியோ வந்த என் கால் ஒரு பொருட்டாக இல்லாத இடம் அது ஒன்றுதான். அப்புறம் கேஸ் வந்தது. அப்பா கடப்பா கல்லில் மேடை போட்டார், அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டே முக்கால் அடி உயரம். அன்றைக்கு நான் அடுப்பங்கரைக்கு வெளியே ஆகிவிட்டேன். கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் கொடுத்த, காலைத் தாங்குகிற காலிப்பரை மாட்டிக்கொண்டு நின்றால்கூட ஒரு கை மேடை விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். மிச்சம் இருக்கிற ஒரு கையால் என்ன நறுக்க முடியும்? யாரும் என்னைத் தள்ளிவைக்க நினைத்துச் செய்யவில்லை. நின்று சமைக்கிறவர்களை அளந்து மேடை போட்டார்கள். இப்போது அம்மாவுக்கும் அதுவே நடக்கப்போகிறது. ஐம்பது வருஷமாக அந்த அடுப்பை ஆண்டவள் அவள்.

இந்த ஊரைப் பற்றி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலான தெருமுனைகளில் நடைபாதை சரிந்து சாலையோடு சேர்ந்துவிடும், வீல்சேர் தடுக்காமல் இறங்கும். பஸ் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினால் சாய்வுப் பலகை இறங்கி வரும். நான் ஏறி என் இடத்தில் நிற்கும் வரைக்கும் பஸ் நகராது. இதெல்லாம் தானாக வந்துவிடவில்லை. இதே கலிஃபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். பதினான்கு வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே அசைவு போனவர். 1962ல் அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய மூச்சு இயந்திரத்தை வைக்க எந்த விடுதியிலும் இடம் இல்லாததால் பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். உடல் ஊனமுற்றவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்துவதற்கு 1972ல் அங்கே ஒரு மையம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். ஆஷ்பி ரயில் நிலையத்தை ஒட்டி அவர் பெயரில் ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் சிவப்பு நிறத்தில் வட்டமாகச் சுற்றி மேலே ஏறுகிற சாய்வுப் பாதை. முதல்முறை அதில் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போனபோது எனக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறியது ஞாபகம் வந்தது.

ஆனால் தெருவில் இருக்கிற வசதி வீட்டுக்குள் இல்லை. எங்கள் வாடகை வீட்டு அடுப்பங்கரை இந்த நாட்டு வழக்கப்படி 36 அங்குல உயரம். வீல்சேரில் உட்கார்ந்தால் மேடை என் நெஞ்சுக்கு வரும். கீழே முழுக்க அடைத்த கப்போர்டு, முழங்காலை நுழைக்க வழியில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு கையை மேலே தூக்கித்தான் எல்லா வேலையும். போலியோ வந்து பல வருஷம் கழித்து நல்ல தசைகளும் சோர்ந்துபோகலாம், தோளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கால் செய்யாத வேலையையும் சேர்த்து இத்தனை வருஷம் செய்தது இந்தத் தோள்தான். அதை மிளகாய் டப்பா எடுக்கிறதற்காக நான் இழக்கத் தயாராக இல்லை.

வாடகை வீட்டில் கை வைக்கலாமா என்று நீ கேட்பாய். இங்கே 1988ல் வந்த சட்டத் திருத்தப்படி, ஊனமுள்ளவர் தன் செலவில் வீட்டுக்குள் நியாயமான மாற்றம் செய்துகொள்ள உரிமையாளர் அனுமதிக்க வேண்டும். காலி செய்யும்போது பழையபடி ஆக்கிக் கொடு என்று அவர் கேட்கலாம். எங்கள் குடியிருப்பு மேனேஜர் முதலில் தயங்கினார், விதியைக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார். பழைய கப்போர்டுகளைக் கழற்றி கார் ஷெட்டில் போர்த்தி வைத்திருக்கிறோம்.

இனி வேலை விவரம். ஒரு முழு ப்ளைவுட் ஷீட், எட்டுக்கு நாலு, முக்கால் அங்குலம், முப்பது கிலோ வரும். அதோடு நான் மல்லுக்கட்டவில்லை. இங்கே கடையிலேயே பெரிய ரம்பத்தில் வைத்துப் பெரிய துண்டுகளாக அறுத்துக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த துண்டுகளை ரயில் மாதிரி ஒரு தண்டவாளத்தின் மேல் ஓடுகிற கைரம்பத்தால் சரியான அளவுக்கு அறுத்தேன். டேபிள் ரம்பம் வேண்டாம் என்று ஒதுக்கினேன். பலகை திருப்பி அடித்தால் சட்டென்று விலக எனக்குக் கால் கிடையாது.

பெட்டிகளைச் சேர்த்தது எல்லாம் தரையில், பாய் விரித்து. எல்லோரும் பெஞ்ச் வேண்டும் என்பார்கள். எனக்குத் தரையில்தான் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். சுவர் மூலையில் இரண்டு பலகையைச் சாய்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, கிளாம்ப் போட்டுவிட்டால் இன்னொரு ஆள் பிடிக்க வேண்டியதில்லை. பசை தடவி, சாய்வாகத் துளை போட்டு ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ முடுக்கினேன். முடிந்த பெட்டியை அவர் தூக்கி இடத்தில் வைத்தார், நான் ரசமட்டம் வைத்துக் காலைத் திருகிச் சமன் செய்தேன். சின்ன வயசில் உன் பட்டறையில் கட்டில் காலுக்கெல்லாம் உப்புத்தாள் தேய்ப்பேனே, அந்தக் கைப்பழக்கம் அப்படியே இருக்கிறது. பலகை ஓரத்தை விரலால் தடவினாலே எங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

அளவு எடுத்த முறைதான் உனக்கு முக்கியம். சுவரை அளப்பதற்கு முன்னால் என்னை அளந்தேன். வீல்சேரில் உட்கார்ந்தால் தொடையின் மேல்பக்கம் தரையிலிருந்து 25 அங்குலம். அதற்கு மேல் இரண்டு அங்குலம் இடைவெளி, 27. இங்கே பொது இடங்களுக்கான விதியும் முழங்காலுக்கு 27 அங்குலம்தான் சொல்கிறது, அகலம் 30. அதன் மேல் ஒன்றரை அங்குலப் பலகை. ஆக மேடை இருபத்தெட்டரை. என் முழங்கையும் ஏறக்குறைய அங்கேதான் வருகிறது, தோள் தூக்காமல் கத்தி பிடிக்க முடிகிறது. சிங்க் ஆழம் ஆறு அங்குலம்தான், தண்ணீர் போகிற துளை பின்பக்கம். நடுவில் துளை இருந்தால் குழாய் முழங்காலில் இடிக்கும். சுடுதண்ணீர்க் குழாய்க்கு உறை போட்டிருக்கிறேன். போலியோவில் உணர்ச்சி போகாது, சுட்டால் எனக்குத் தெரியும். முதுகுத்தண்டு நரம்பில் அடிபட்டவர்களுக்குத்தான் சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடலாம்.

சோறு வடிப்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. உட்கார்ந்துகொண்டு பானையைச் சாய்த்தால் கொதிக்கிற கஞ்சி மடியில்தான் விழும். அதனால் அடுப்பும் சிங்க்கும் ஒரே மட்டத்தில், நடுவில் ஒரு முழம் மட்டும் விட்டு, இடையில் தடுப்பு எதுவும் இல்லாமல் பலகையை ஓட்டினேன். பானைக்குள் துளை போட்ட ஸ்டீல் கூடை ஒன்று. வெந்ததும் பானையைத் தூக்காமல் சிங்க் ஓரத்துக்கு நகர்த்துவேன், கூடையை மட்டும் எடுத்து சிங்க்கில் வைப்பேன். கஞ்சி பானையிலேயே ஆறும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே இவ்வளவு வேலையும் செய்யலாம் அண்ணா.

பக்கத்துப் பெட்டிகளில் ஷட்டர் கதவு ஒன்றுகூட இல்லை, எல்லாம் இழுப்பறை. ஷட்டர் வைத்தால் அதைத் திறக்க நான் பின்னால் போக வேண்டும், அப்புறம் குனிந்து இருட்டுக்குள் கை விட வேண்டும். இழுப்பறை முழுசாக வெளியே ஓடி வருகிற சேனல் போட்டால் கடைசியில் இருக்கிற பருப்பு டப்பாவும் மடிக்கு வந்துவிடும். கிரைண்டர் உட்காரும் இழுப்பறைக்கு மட்டும் 45 கிலோ தாங்கும் சேனல். பெட்டிகளின் அடியில் ஒன்பது அங்குல உயரத்துக்கு இடம் விட்டு, ஆறு அங்குலம் உள்ளே தள்ளி அடைத்திருக்கிறேன், வீல்சேரின் கால் பலகை அதற்குள் போய்விடும். அவர் ஆறடி என்பதால் ஜன்னல் பக்கம் ஒரு பகுதியை 36லேயே விட்டுவிட்டேன். காபி அங்கேதான் போடுகிறார்.

நம் வீட்டுக்கும் அதுதான் வழி. அண்ணி நின்று சமைக்கிற பக்கத்தைத் தொடாதே. ஜன்னல் ஓரத்தில் 30 அங்குல அகலத்துக்கு மட்டும் கல்லை எடுத்துவிட்டு அம்மாவுக்குத் தனியாகத் தாழ்வான மேடை போடு, கீழே ஒன்றும் வைக்காதே. அம்மா இனித் தரையில் உட்காரக் கூடாது, தாழ்ந்த ஸ்டூலும் ஆகாது. கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள உறுதியான நாற்காலி வேண்டும். வாக்கர் உள்ளே வந்து திரும்ப நடைவழி மூன்று அடி இருக்க வேண்டும்.

மரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் தண்ணீர் தாங்குகிற ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ப்ளைவுட் தவிர வேறு எதுவும் வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பீரோவின் அடிப்பலகை ஊறிப் பிளந்ததைப் பார்த்தாய் அல்லவா. பெட்டிகளை ஒன்பது அங்குல ஸ்டீல் காலில் நிறுத்து, அடியில் துடைப்பமும் போகும். கடல் காற்றில் சேனல் சீக்கிரம் துருப்பிடிக்கும், மண்ணடிக் கடையில் 304 ஸ்டீல் என்று கேட்டு வாங்கு.

அம்மா பக்கத்தில் கேஸ் வேண்டாம். உட்கார்ந்த உயரத்தில் தீ முந்தானைக்கு ரொம்பப் பக்கம். ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு வை. அலுமினியப் பாத்திரமும் மண்சட்டியும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம் என்றால் ஆகும். அம்மாவின் இரும்பு தோசைக்கல் தாராளமாக ஆகும். கரண்ட் போனால் அண்ணியின் கேஸ் இருக்கவே இருக்கிறது.

இந்த ஞாயிறு அம்மாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்து மூன்று அளவு எடுத்து அனுப்பு. தரையிலிருந்து தொடை மேல்பக்கம், தரையிலிருந்து மடக்கிய முழங்கை, தோளைத் தூக்காமல் கையை நீட்டினால் விரல் நுனி எட்டுகிற இடம். நூல் கணக்கு, அதாவது அரைக்கால் அங்குலம் வரைக்கும் சரியாக எடு, இரண்டு நூல் இரண்டு நூலாகக் கூடினாலும் முழங்கால் இடிக்கும். மசாலா டப்பா எங்கே இருக்க வேண்டும் என்று நீ முடிவு செய்யாதே, அம்மாவைக் கேள். படம் போட்டு நான் அனுப்புகிறேன். சேனலுக்கும் ப்ளைவுட்டுக்கும் பணம் போடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அண்ணிக்கு என் அன்பு. பெரியவளையும் அளவு எடுக்கும்போது கூட வைத்துக்கொள், அவளுக்குக் கை நல்ல பதமாக வருகிறது என்று நீதானே சொன்னாய்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பி.கு.: கேஸ் சிலிண்டரைத் தாழ்வான மேடைக்கு அடியில் காலியாக இருக்கிறதே என்று அங்கே நகர்த்திவிடாதீர்கள். அது அம்மாவின் கால் வைக்கிற இடம்.